கணக்கில் வராத காவல்: சித்திரவதை, ரகசியச் சிறை, அரசின் உடந்தை – குமரி மாவட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகர்கோவில், தக்கலை, குழித்துறை பக்கம் சட்ட விழிப்புணர்வுக் கூட்டம் எங்கே நடந்தாலும், மைக்கை அணைத்து நாற்காலிகளை அடுக்கும் நேரத்தில்தான் உண்மையான கேள்விகள் வரும். பாதிப் பேர் ஸ்டேஷன் வாசலில் நின்ற அனுபவத்தோடு வருவார்கள். மீதிப் பேர் போலந்து, சிரியா, அமெரிக்காவின் குவாண்டனாமோ சிறை என்று செய்தியில் படித்ததைக் கேட்பார்கள். இரண்டு கேள்விகளுக்கும் பதில் ஓரிடத்தில் போய் முட்டுவதால் சேர்த்தே எழுதுகிறோம். இது பொது விளக்கம்தான். உங்கள் வழக்குக்கு வழக்கறிஞரை நேரில் பாருங்கள்.

அடித்தது ஒரு ஏட்டையா. இதில் அரசாங்கத்தை ஏன் இழுக்கிறீர்கள்?

சாத்தான்குளத்தை எடுத்துக்கொள்வோம். 2020 ஜூனில், ஊரடங்கு நேரத்தில் கடை திறந்திருந்ததாகச் சொல்லிப் பிடிக்கப்பட்ட தந்தையும் மகனும் அடுத்தடுத்த நாளில் இறந்தார்கள். லத்தி பிடித்தவை சில கைகள். ஆனால் ஸ்டேஷனிலிருந்து கோவில்பட்டிக் கிளைச் சிறை வரை அவர்கள் போன வழியைப் பாருங்கள். நடுவில் ஒரு அரசு மருத்துவமனை இருந்தது, ஒரு ரிமாண்ட் உத்தரவு இருந்தது, சிறை வாசலில் ஒரு பதிவேடு இருந்தது. இந்த மூன்று இடங்களில் ஏதாவது ஒன்றில் ஒருவர் "இந்த ஆளுக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டு நிறுத்தியிருக்கலாம்.

விசாரிக்கப் போன கோவில்பட்டி நீதித்துறை நடுவர், ஸ்டேஷன் கேமராப் பதிவு தினமும் தானாக அழியும்படி வைக்கப்பட்டிருந்ததைக் கண்டு உயர்நீதிமன்றத்துக்கு எழுதினார். ஹார்டு டிஸ்க்கில் இடம் இல்லாமல் இல்லை. அந்த ஸ்டேஷனை வருவாய்த் துறையின் கட்டுப்பாட்டில் எடுக்கச் சொன்னது மதுரைக் கிளை. போலீஸ் ஸ்டேஷனுக்கே தாசில்தார் காவல்! பிறகு வழக்கு சிபிஐக்குப் போய், ஒன்பது போலீசார் மீது குற்றப்பத்திரிகை தாக்கலானது. அங்கே பணியில் இருந்த ஒரு பெண் தலைமைக் காவலர் துணிந்து சாட்சி சொன்னதை மறக்கக் கூடாது. அமைப்பு முழுக்க வாயை மூடியிருந்தபோது உள்ளேயிருந்து வந்த குரல் அது.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. ஒடிசாவில் போலீஸ் காவலில் இறந்த இளைஞரின் தாய் எழுதிய கடிதத்தை வழக்காக எடுத்துக்கொண்ட உச்ச நீதிமன்றம், 1993-ல் அரசே 1,50,000 ரூபாய் இழப்பீடு தர உத்தரவிட்டது. நீலபதி பெஹரா வழக்கு என்று வக்கீல்கள் சொல்வது இதைத்தான். அடிப்படை உரிமை பறிபோன இடத்தில், "அது ஊழியர் செய்தது, அரசுக்குச் சம்பந்தமில்லை" என்ற பழைய வாதம் எடுபடாது.

சரி, உடந்தை என்பதற்கு அளவுகோல் என்ன? சும்மா இருந்தாலும் உடந்தையா?

தெரிந்தும் சும்மா இருந்தால், ஆம். ஐ.நா. சித்திரவதைத் தடுப்பு உடன்படிக்கை 1984 டிசம்பர் 10-ல் ஏற்கப்பட்டு, 1987 ஜூன் 26-ல் நடைமுறைக்கு வந்தது. அரசு அலுவலர் தன் கையால் அடிக்க வேண்டியதில்லை. தூண்டினாலும், சம்மதித்தாலும், தெரிந்தே கண்டுகொள்ளாமல் விட்டாலும் சித்திரவதைதான் என்கிறது அதன் முதல் பிரிவு. உடந்தையாக இருப்பதும் குற்றம் என்கிறது நான்காவது பிரிவு. போர், அவசரநிலை, மேலிடத்து உத்தரவு எதையும் சாக்காகச் சொல்ல முடியாது.

ஒரு நாடு இன்னொரு நாட்டுக்குக் கைகொடுத்தால்? ஐ.நா.வின் சர்வதேசச் சட்ட ஆணையம் 2001-ல் வகுத்த விதிகளில் 16-ஆவது, சட்டவிரோதம் என்று தெரிந்தே உதவிய நாடும் பொறுப்பு என்கிறது. அந்தத் 'தெரிந்தே' மீதுதான் எல்லா வழக்கிலும் சண்டை. எந்த அரசும் "ஆமாம், தெரியும்" என்று சொல்லப்போவதில்லை. அதனால் விமானம் எப்போது இறங்கியது, கேள்விப் பட்டியலை யார் அனுப்பினார், கடிதத்தில் யாருடைய கையெழுத்து என்று காகிதத்தைத் தேடித்தான் போக வேண்டியிருக்கிறது.

தியாகோ கார்சியாவில் ரகசியச் சிறை இருந்ததாமே? எங்கள் ஊர்ப் படகுகள் பிடிபடும் தீவுதானா அது?

அதே தீவுதான். ஆழ்கடலில் சுறா பிடிக்கப் போகும் தூத்தூர், வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, சின்னத்துறைக்காரர்களுக்கு அந்தப் பெயரை விளக்க வேண்டியதில்லை. எல்லைக்குள் போனதாகப் படகைப் பிடித்துவிட்டார்கள் என்றால் வீட்டில் எத்தனை வாரம் அடுப்பு ஒழுங்காக எரியாது என்பதும் அவர்களுக்குத் தெரியும். பிரிட்டன் நிர்வகிக்கும் தீவு, அமெரிக்க ராணுவத் தளம். தளத்துக்காக அங்கே வாழ்ந்த சாகோஸ் மக்களை 1968-க்கும் 1973-க்கும் இடையில் வெளியேற்றினார்கள்.

2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு, சந்தேகப்பட்டவர்களைப் பிடித்து, எந்த நீதிமன்றத்துக்கும் கொண்டுபோகாமல், விமானத்தில் ஏற்றி ரகசிய இடங்களில் வைத்து விசாரித்தது அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏ. அந்த விமானங்கள் தங்கள் மண்ணில் இறங்கவே இல்லை என்று பிரிட்டன் அரசு நாடாளுமன்றத்தில் திரும்பத் திரும்பச் சொல்லிவந்தது. 2008 பிப்ரவரி 21-ல் வெளியுறவு அமைச்சர் டேவிட் மிலிபேண்ட் எழுந்து, 2002-ல் இரண்டு விமானங்கள் ஆளுக்கொரு கைதியோடு தியாகோ கார்சியாவில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டன என்று ஒப்புக்கொண்டார். அமெரிக்கா இப்போதுதான் சொன்னது என்பது அவர் தந்த விளக்கம். நம் படகு எல்லைக்குள் வந்தால் உடனே கண்டுபிடிக்கும் நிர்வாகத்துக்குத் தன் ஓடுபாதையில் இறங்கிய விமானத்துக்குள் யார் இருந்தார் என்பது ஆறு வருடம் தெரியாமல் போனது. நம்புகிறவர்கள் நம்பலாம்.

அந்தத் தீவு கதை அதோடு முடியவில்லை. 2021 அக்டோபரில் கனடாவை நோக்கிப் போன இலங்கைத் தமிழர்களின் படகு பழுதாகி அங்கே கொண்டுவரப்பட்டது. ஆண்களும் பெண்களும் குழந்தைகளுமாக மூன்று வருடத்துக்கு மேல் வேலி அடைத்த கூடார முகாமில் இருந்தார்கள். 2024 டிசம்பரில், அந்தத் தீவு சேர்ந்த பிரிட்டிஷ் இந்தியப் பெருங்கடல் பிரதேசத்தின் உச்ச நீதிமன்றம், அவர்களை அடைத்துவைத்தது சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்தது.

ஒரு சின்ன நாடு 'பெரியண்ணன் சொன்னார், செய்தோம்' என்று தப்பிக்க முடியுமா?

மாசிடோனியா அப்படிச் செய்து பார்த்தது. காலித் எல்-மஸ்ரி ஜெர்மன் குடிமகன். 2003 டிசம்பர் 31-ல் பஸ்ஸில் மாசிடோனிய எல்லையைக் கடந்தபோது பிடித்தார்கள். பெயர்க் குழப்பத்தில் இவரை வேறொருவராக நினைத்ததுதான் காரணம். ஸ்கோப்யே நகரின் ஒரு ஹோட்டல் அறையில் 23 நாள் வைத்திருந்தார்கள். ஜெயில் அல்ல, லாட்ஜ் என்பதைக் கவனியுங்கள். பிறகு விமான நிலையத்தில் சிஐஏ ஆட்களிடம் ஒப்படைத்தார்கள். அங்கேயே அவரை அடித்து, துணியைக் கிழித்து, கண்ணைக் கட்டி, ஆப்கானிஸ்தானுக்கு ஏற்றிப் போனார்கள். 2004 மே மாதம் அல்பேனியாவில் ஒரு மலைப்பாதையில் இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள்.

அமெரிக்க நீதிமன்றங்கள் அரசு ரகசியம் என்று சொல்லி வழக்கை எடுக்கவே மறுத்தன. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2012 டிசம்பர் 13-ல் மாசிடோனியாவைப் பிடித்தது. தன் மண்ணில், தன் அலுவலர்கள் கண்முன் நடந்ததற்கு அந்த நாடுதான் பொறுப்பு. 60,000 யூரோ கொடு என்றது. 2018-ல் அந்த அரசு மன்னிப்புக் கேட்டது.

அதே நீதிமன்றம் ரகசியச் சிறைக்கு இடம் கொடுத்ததற்காகப் போலந்தை 2014-லும், லிதுவேனியாவையும் ருமேனியாவையும் 2018-லும் பொறுப்பாக்கியது. மிலான் நகரத் தெருவிலிருந்து 2003-ல் ஒரு இமாமைக் கடத்திய வழக்கில், இத்தாலிய நீதிமன்றம் 2009-ல் 23 அமெரிக்கர்களை அவர்கள் இல்லாமலே தண்டித்தது.

வெறும் தகவல் கொடுத்ததற்காக ஒரு அரசு பணம் கட்டியிருக்கிறதா?

கனடா கட்டியது. மஹர் அரார் சிரியாவில் பிறந்த கனடா நாட்டுப் பொறியாளர். 2002 செப்டம்பரில் நியூயார்க் விமான நிலையத்தில் விமானம் மாறும்போது பிடித்து, ஜோர்டான் வழியாகச் சிரியாவுக்கு அனுப்பினார்கள். அவர் இருந்த அறை மூன்றடி அகலம், ஆறடி நீளம், ஏழடி உயரம். அதைக் கல்லறை என்றுதான் அவர் சொன்னார். கேபிளால் அடித்தார்கள். ஏறத்தாழ ஒரு வருடம் அப்படிப் போயிற்று.

கனடா போலீஸ் யாரும் அவரைத் தொடவில்லை. தவறான, சரிபார்க்காத தகவலை அமெரிக்காவுக்குக் கொடுத்ததுதான் அவர்கள் செய்தது. நீதிபதி டெனிஸ் ஓ'கானர் தலைமையிலான விசாரணை ஆணையம் 2006-ல் இதைப் பக்கம் பக்கமாக எழுதியது. அவர் மீது எந்தக் குற்றத்துக்கும் ஆதாரம் இல்லை என்றும் சொன்னது. 2007 ஜனவரியில் கனடா பிரதமர் மன்னிப்புக் கேட்டு, 1 கோடியே 5 லட்சம் கனடா டாலர் இழப்பீடு கொடுத்தார்.

பிரிட்டனும் 2018 மே மாதம், லிபியாவுக்குக் கடத்தி ஒப்படைக்கப்பட்ட ஒரு தம்பதியிடம் மன்னிப்புக் கேட்டது. மனைவி அப்போது கர்ப்பிணி. அவருக்கு 5 லட்சம் பவுண்டு கொடுத்தார்கள்.

அப்படியானால் அமெரிக்கா மட்டும் தப்பிவிட்டது, இல்லையா?

பெரும்பாலும் அப்படித்தான். ரகசியச் சிறைகள் இருந்ததை 2006 செப்டம்பரில் அதிபர் புஷ்ஷே ஒப்புக்கொண்டார். 2014 டிசம்பரில் அமெரிக்க செனட் குழு வெளியிட்ட அறிக்கைச் சுருக்கம், சிஐஏ வைத்திருந்த 119 பேரில் குறைந்தது 26 பேரைப் பிடித்ததே தவறு என்றது. நடத்தியவர்கள் யாரும் கூண்டில் ஏறவில்லை. ஆனால் லிதுவேனியா, ருமேனியா மீதான 2018 தீர்ப்புகளில் அந்த அறிக்கை முக்கியச் சான்றாக நின்றது. ஒரு நாட்டில் திறந்த கோப்பு இன்னொரு நாட்டில் சாட்சியாகிவிடும்.

சிரியாவின் ஒரு சிறைப்பிரிவில் விசாரணைக்குப் பொறுப்பாக இருந்த அதிகாரி, அகதியாக ஜெர்மனிக்கு வந்து அங்கேயே பிடிபட்டார். 2022 ஜனவரியில் கோப்லென்ஸ் நீதிமன்றம் அவருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. தப்பியதாக நினைப்பவர்கள் பயணம் போவதற்கு முன் கொஞ்சம் யோசிக்கிறார்கள். அதுவும் ஒரு லாபம்தான்.

இந்தியா இந்த ஐ.நா. உடன்படிக்கையில் இருக்கிறதா?

கையெழுத்து 1997 அக்டோபரில் போட்டது. இன்றுவரை உறுதிப்படுத்தவில்லை, அதாவது அதற்குக் கட்டுப்படுகிறோம் என்று முறையாக ஏற்கவில்லை. சித்திரவதைத் தடுப்பு மசோதா 2010 மே மாதம் மக்களவையில் நிறைவேறி, மாநிலங்களவையில் தேர்வுக் குழுவுக்குப் போய், அப்புறம் காலாவதியானது. 2017-ல் சட்ட ஆணையம் தன் 273-ஆவது அறிக்கையில் புது வரைவையே எழுதிக் கொடுத்தது. அதுவும் அலமாரியில். வலிந்து காணாமலாக்குதல் (அரசின் ஆட்கள் ஒருவரைக் கொண்டுபோய், எங்கே என்று சொல்லாமல் மறைப்பது) பற்றிய உடன்படிக்கையிலும் இதே கதை: 2007-ல் கையெழுத்து, உறுதிப்படுத்தல் இல்லை.

நம் பக்கத்தில் மேலிடம் வரை போய்ப் பிடித்த வழக்கு ஏதாவது உண்டா?

மார்த்தாண்டம், களியக்காவிளைப் பெரியவர்களைக் கேளுங்கள், ராஜன் வழக்கைச் சொல்வார்கள். நெருக்கடிநிலைக் காலம். கோழிக்கோடு மண்டலப் பொறியியல் கல்லூரி மாணவர் ராஜனை 1976 மார்ச் 1-ல் போலீஸ் கொண்டுபோனது. கக்கயம் போலீஸ் முகாமில் தொடைமேல் உலக்கையை உருட்டிச் சித்திரவதை செய்தார்கள். தந்தை ஈச்சர வாரியர் பேராசிரியர். உள்துறை அமைச்சராக இருந்த கருணாகரன் வரை போய்ப் பார்த்தார். பிள்ளை எங்கே என்று ஒருவரும் சொல்லவில்லை.

நெருக்கடிநிலை விலகியதும் 1977-ல் கேரள உயர்நீதிமன்றத்தில் ஆள்கொணர்வு மனு (பிடித்த ஆளை நீதிமன்றத்தில் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லும் மனு) போட்டார். முதலமைச்சராகியிருந்த கருணாகரன், அப்படி ஒருவரைப் பிடிக்கவே இல்லை என்று பிரமாணப் பத்திரம் கொடுத்தார். கல்லூரி விடுதியிலிருந்து கொண்டுபோனதைப் பார்த்தவர்களும் முகாமில் கூட இருந்தவர்களும் வந்து சாட்சி சொன்னார்கள். ராஜன் போலீஸ் காவலில் இருந்தது உண்மை என்று நீதிமன்றம் சொன்னது. முதலமைச்சர் பதவியேற்று ஏறத்தாழ ஒரு மாதத்திலேயே ராஜினாமா செய்ய வேண்டிவந்தது. ராஜனின் உடல் கிடைக்கவே இல்லை.

இதைப் பழைய கதை என்று நினைக்க வேண்டாம். திருவனந்தபுரம் கோட்டை ஸ்டேஷனில் 2005 செப்டம்பரில் உதயகுமார் என்ற இளைஞரை இரும்புக் குழாயால் உருட்டிக் கொன்றதாக வழக்கு. அவருடைய தாய் 13 வருடம் கோர்ட்டுக்கு நடந்து, 2018-ல் சிபிஐ நீதிமன்றம் இரண்டு போலீசாருக்குத் தூக்குத் தண்டனை கொடுத்தது. 2025-ல் கேரள உயர்நீதிமன்றம், புலனாய்வில் இருந்த ஓட்டைகளைச் சொல்லி எல்லோரையும் விடுவித்தது. ஆரம்ப நாட்களில் ஆவணம் கெட்டால் இருபது வருடம் கழித்தும் வழக்கு நிற்காது.

"சார், பையன ராத்திரி வந்து கூட்டிட்டுப் போயிட்டாவ. ஸ்டேஷன்ல கேட்டா அப்படி ஒரு ஆளே இல்லங்காவ." இப்போது நாங்கள் என்ன செய்ய?

இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான். அழுது முடிக்க நேரம் இருக்கிறது. முதலில் நேரத்தைக் குறியுங்கள்: எத்தனை மணிக்கு வந்தார்கள், எத்தனை பேர், சீருடையா மப்டியா, வண்டி எண், யார் பார்த்தது. பக்கத்து வீட்டுக் கேமரா, முக்குக் கடைக் கேமரா, தேவாலயத்துக் கேமரா எதில் வண்டி பதிந்திருக்கும் என்று அன்றைக்கே போய்க் கேட்டுப் பிரதி எடுங்கள். ஒரு வாரம் போனால் அழிந்துவிடும்.

அடுத்து, எழுத்தில் கொடுங்கள். எஸ்பி, டிஎஸ்பி, கலெக்டர், பகுதி மாஜிஸ்திரேட் எல்லோருக்கும் மின்னஞ்சல், வாட்ஸ்அப், கூடவே விரைவுத் தபால். முன்பு மூத்த வக்கீல்கள் கட்சிக்காரரை நேராகத் தந்தி ஆபீசுக்குத்தான் அனுப்புவார்கள். 'என் மகனைப் போலீஸ் பிடித்துப் போனது, உயிருக்கு ஆபத்து' என்று முதலமைச்சருக்கு ஒரு தந்தி அடித்தால், அதில் விழும் மணி முத்திரை கோர்ட்டில் பேசும். 2013-ல் தந்தி போனது. அந்த வேலையை இப்போது மின்னஞ்சல் செய்கிறது. 112-க்குப் போன் செய்தாலும் நேரத்தோடு பதிவாகும்.

சட்டம் உங்கள் பக்கம் தெளிவாகவே இருக்கிறது. டி.கே. பாசு வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிமுறைகள்படி, பிடிக்க வருகிறவர் பெயர்ப்பட்டை அணிந்திருக்க வேண்டும். கைதுக் குறிப்பில் நேரமும் தேதியும் போட்டுக் குடும்பத்தாரோ ஊர்ப் பெரியவரோ சாட்சிக் கையெழுத்திட வேண்டும். 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும். அரசியல் சாசனத்தின் 22-ஆவது பிரிவுப்படி, பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பிஎன்எஸ்எஸ் சட்டத்தின் 179-ஆவது பிரிவு, பெண்களையும் 15 வயதுக்குக் கீழானவர்களையும் 60 வயதைத் தாண்டியவர்களையும் சாட்சி விசாரணைக்கென்று ஸ்டேஷனுக்கு வரச்சொல்லக் கூடாது என்கிறது. "மகன் வரும்வரை அம்மா இருக்கட்டும்" என்று உட்காரவைப்பது முழுக்க முழுக்கச் சட்டவிரோதம்.

ஆள் கிடைக்கவில்லை என்றால் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ஆள்கொணர்வு மனு. காசில்லை என்று நிற்காதீர்கள். நாகர்கோவில் நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. உதவி எண் 15100. பெண்களுக்கும் பட்டியலினத்தவருக்கும் காவலில் இருப்பவருக்கும் வருமானக் கணக்கு பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு.

தனிப்படை பிடித்தால்? அவர்கள் ஸ்டேஷனுக்கே கொண்டுபோவதில்லையே.

ரகசியச் சிறை என்றதும் மலைக்குகையைக் கற்பனை செய்கிறோம். நம் ஊரில் அது ஒரு லாட்ஜ் அறை, பூட்டிய மண்டபம், தோப்புக்குள் ஒரு பம்ப்செட், இல்லாவிட்டால் ஓடிக்கொண்டே இருக்கும் வேன். ஸ்டேஷன் பதிவேட்டில் பெயர் ஏறாத அத்தனை மணி நேரமும் ரகசியக் காவல்தான். ரகசியமாக அடைத்துவைப்பதைத் தனியே குற்றமாகச் சொல்கிறது, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பிஎன்எஸ் சட்டத்தின் 127-ஆவது பிரிவு. வாக்குமூலம் வாங்க அடிப்பதற்கு 120.

2025 ஜூனில் சிவகங்கை மாவட்டம் மடப்புரம் கோயில் காவலாளி, நகை காணவில்லை என்ற புகாரில் தனிப்படையிடம் சிக்கி இறந்தார். அடித்தது ஸ்டேஷனில் அல்ல. கோயிலை ஒட்டிய இடத்தில். யாரோ ஒருவர் மறைந்திருந்து செல்போனில் எடுத்த காட்சிதான் வழக்கைத் தூக்கி நிறுத்தியது. அந்த வழக்கும் சிபிஐக்குப் போனது.

ஸ்டேஷனில் கேமரா இருக்கிறதே, அதைக் கேட்டு வாங்கலாமா?

கேட்கலாம், சீக்கிரம் கேளுங்கள். பரம்வீர் சிங் சைனி வழக்கில் 2020 டிசம்பர் 2-ல் உச்ச நீதிமன்றம், எல்லா ஸ்டேஷன்களிலும் சிபிஐ, என்ஐஏ, அமலாக்கத் துறை அலுவலகங்களிலும் கேமரா வைக்கச் சொன்னது. பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும். முடியாவிட்டால் குறைந்தது ஒரு வருடம். "அன்றைக்குக் கேமரா ரிப்பேர்" என்று பதில் வந்தால் அதையும் எழுத்தில் வாங்கிவையுங்கள்.

காவலில் இறந்துவிட்டால், உடலை வாங்கச் சொல்லி நெருக்குகிறார்கள். வாங்கலாமா?

ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி வளாகத்தில் இந்தப் பேச்சுவார்த்தை எப்படி நடக்கும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். மரத்தடியில் உறவுக்காரர்கள், நடுவில் ஊர்த் தலைவர்கள், ஒரு அதிகாரியின் கையில் செக், வேலை தருவதாக ஒரு வாய்ச்சொல். சாயங்காலத்துக்குள் கையெழுத்து வேண்டும் என்ற அவசரம் எப்போதும் அவர்களுக்குத்தான். பணத்தை வாங்குவது தவறில்லை, அது உங்கள் உரிமை. ஆனால் 'மேல்நடவடிக்கை வேண்டாம்' என்ற வரி இருக்கும் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

காவல் மரணத்தை நீதித்துறை நடுவர்தான் விசாரிக்க வேண்டும் (பிஎன்எஸ்எஸ் 196). உறவினருக்குச் சொல்லி, அவர்களை உடனிருக்க விட வேண்டும். உடற்கூறாய்வுக்கு முன் உடலைப் பார்த்துக் காயங்களைப் படமெடுக்க அனுமதி கேளுங்கள். ஆய்வை வீடியோ எடுக்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள். உள்ளங்கால், முதுகு, தொடையின் பின்பக்கம், விரல் இடுக்கு இவற்றைக் குறிப்பாகப் பாருங்கள். பாத்ரூமில் வழுக்கி விழுந்தவருக்கு உள்ளங்காலில் கன்றியிருக்காது.

அதிகாரி மீது வழக்குப் போட அரசின் அனுமதி வேண்டுமாமே? அது வரவே வராது என்கிறார்களே?

முன்பு அதுதான் பெரிய பூட்டு. 2024 ஜூலை 1-ல் வந்த பிஎன்எஸ்எஸ் சட்டத்தின் 218-ஆவது பிரிவு, 120 நாளுக்குள் அரசு முடிவெடுக்காவிட்டால் அனுமதி கொடுத்ததாகவே கொள்ளப்படும் என்கிறது. தவிர, லாக்கப்பில் அடிப்பது அலுவல் கடமையே அல்ல, அனுமதி எதற்கு என்ற வாதமும் இருக்கிறது.

மனித உரிமை ஆணையத்துக்கு எழுதிப் பயன் உண்டா?

ஓரளவுக்கு உண்டு. சம்பவம் நடந்து ஒரு வருடத்துக்குள் எழுத வேண்டும். மாநில ஆணையத்தின் பரிந்துரைகள் வெறும் ஆலோசனை அல்ல, அரசைக் கட்டுப்படுத்தும் என்று சென்னை உயர்நீதிமன்ற முழு அமர்வு 2021 பிப்ரவரியில் சொன்னது. இழப்பீட்டை அதிகாரியின் சம்பளத்தில் பிடிக்கும் உத்தரவுகளும் வருகின்றன. ஆயுதப் படைகள் சம்பந்தப்பட்டால் மட்டும் ஆணையத்தின் கை குறுகிவிடும். மத்திய அரசிடம் அறிக்கை கேட்டுப் பரிந்துரை சொல்லலாம், அவ்வளவுதான்.

போலீஸ்காரரும்தானே சாகிறார்கள்? களியக்காவிளையை மறந்துவிட்டீர்களா?

மறக்கவில்லை. 2020 ஜனவரி 8 இரவு களியக்காவிளைச் சோதனைச் சாவடியில் பணியில் இருந்த சிறப்பு உதவி ஆய்வாளர் சுட்டுக் கொல்லப்பட்டார். நம் மாவட்டமே அதிர்ந்தது. அந்த வழக்கில் குற்றவாளிகளைத் தேட உதவியவை கேமராப் பதிவு, போன் விவரம், மாநிலம் விட்டு மாநிலம் ஓடிய புலனாய்வு. அடித்து வாங்கிய வாக்குமூலம் போலீஸ் முன் சொன்னதென்றால் நம் சாட்சியச் சட்டப்படி செல்லவே செல்லாது. அதை நம்பி வழக்கை நடத்தினால் உண்மையான கொலையாளிதான் தப்புவான். எல்-மஸ்ரியை நாலு மாதம் வைத்திருந்து சிஐஏ தெரிந்துகொண்டது, அவர் வேறு ஆள் என்பதைத்தான்.

கை கால் மாவுக்கட்டோடு குற்றவாளி நிற்கும் படத்துக்கு விழும் 'லைக்'குகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். மேலிடம் கண்டுகொள்ளாமல் இருக்க அந்தக் கைதட்டல்தான் தைரியம் தருகிறது. நாமும் அதில் சேர்த்தி.

வளைகுடாவில் மீன்பிடிக்கும் அண்ணனைப் பிடித்துவிட்டார்கள். எந்த ஜெயில் என்றே தெரியவில்லை.

1963 வியன்னா தூதரக உறவு உடன்படிக்கையின் 36-ஆவது பிரிவுப்படி, பிடிபட்டவர் கேட்டால் தூதரகத்துக்குத் தாமதமின்றிச் சொல்ல வேண்டும். தூதரக அதிகாரி போய்ப் பார்க்கலாம். பாகிஸ்தானில் பிடிபட்ட குல்பூஷண் ஜாதவுக்காக இதே பிரிவைச் சொல்லித்தான் இந்தியா சர்வதேச நீதிமன்றத்துக்குப் போனது. 2019 ஜூலையில் ஜெயித்தது. அதே உரிமை நம் கடற்கரைக்காரருக்கும் உண்டு. பாஸ்போர்ட் நகல், படகு உரிமையாளர் பெயர், கடைசியாகப் பேசிய நேரம் இவற்றோடு வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' (MADAD) என்ற புகார் இணையதளத்தில் பதியுங்கள். கலெக்டருக்கும் மீன்வளத் துறைக்கும் நகல் கொடுங்கள்.

நாங்கள் பழவிளை இலங்கைத் தமிழர் முகாமில் இருக்கிறோம். 2009-ல் ராணுவத்திடம் ஒப்படைத்த தம்பி திரும்பவில்லை. இங்கிருந்து யாருக்கு எழுதலாம்?

பழவிளை, பெருமாள்புரம் இரண்டிலும் இந்தக் கேள்வி ஒவ்வொரு முறையும் வருகிறது. இலங்கை, சித்திரவதைத் தடுப்பு உடன்படிக்கையில் 1994-லேயே சேர்ந்தது. காணாமலாக்குதல் உடன்படிக்கையை 2016-ல் உறுதிப்படுத்தியது. இந்தியா செய்யாத இரண்டையும் செய்த நாடு அது. ஆனாலும் கிளிநொச்சியில் தாய்மார் 2017 பிப்ரவரியில் தொடங்கிய போராட்டத்தில் படத்தை ஏந்தி வருடக்கணக்கில் உட்கார வேண்டியிருந்தது. காகிதத்தில் சேர்வதும் கணக்குச் சொல்வதும் வேறு வேறு.

எழுதுவதற்கு இரண்டு இடம் உண்டு. ஒன்று, கொழும்பில் உள்ள காணாமல் போனோர் அலுவலகம். தாய்மாரில் பலர் அதை நம்பவில்லை. அவர்கள் காரணம் நியாயமானது. இரண்டு, ஜெனீவாவில் 1980 முதல் இயங்கும் ஐ.நா. காணாமலாக்கப்பட்டோர் செயற்குழு. குடும்பத்தாரே எழுதலாம், கட்டணம் இல்லை, உள்நாட்டில் எல்லாக் கோர்ட்டும் ஏறி இறங்கியிருக்க வேண்டியதில்லை. செயற்குழு யாரையும் தண்டிக்காது. அந்த நாட்டிடம் கேட்கும், பதில் வரும்வரை கோப்பைத் திறந்தே வைத்திருக்கும்.

முழுப்பெயர், வீட்டில் கூப்பிடும் பெயர், பிறந்த தேதி, அடையாள அட்டை எண், கடைசியாகப் பார்த்த நாள், இடம், எந்தப் படைப்பிரிவு, உடனிருந்தவர்கள் யார் என்று எழுதுங்கள். தேதி சரியாக நினைவில்லை என்றால் 'மே நடுவில், முள்ளிவாய்க்காலைக் கடந்த அன்று' என்பது போல எழுதலாம். ஊகித்து ஒரு தேதியைப் போடாதீர்கள், பின்னால் அதைக் காட்டியே பொய் என்பார்கள். ஏற்கெனவே செஞ்சிலுவைச் சங்கத்திலோ வேறு ஆணைக்குழுவிலோ கொடுத்த எண் இருந்தால் சேருங்கள். நகல் ஒன்றை உங்களிடமே வையுங்கள். முகாமில் வீட்டு எண் மாறினாலோ வேறு மாவட்டத்துக்குப் போனாலோ புது முகவரியையும் எழுதி அனுப்ப வேண்டும்.